சிமாயோ சிற்றாலயம்: மண்ணைத் தேடி வரும் மலையடிவாரத் திருத்தலம்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாண்டா ஃபே நகருக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், சாங்ரே தே கிறிஸ்தோ மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ளது சிமாயோ சிற்றாலயம். பேராலயங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதற்பார்வையில் எளிமையாகவே தோன்றும். களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து வெயிலில் உலர்த்திய பச்சைச் செங்கல்லால் ஆன தடித்த சுவர்களும், இரண்டு சிறு மணிக்கூண்டுகளும், மதில் சூழ்ந்த முற்றமுமே வெளியே தெரிபவை.

பெர்னார்தோ அபெய்தா என்பவர் 1813 முதல் 1816 வரை இதைக் கட்டினார். இவ்விடத்தில் மண்ணிலிருந்து கண்டெடுத்த பாடுபட்ட சுரூபத்தை, அதாவது சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவத்தை, வேறோர் ஆலயத்துக்கு மும்முறை எடுத்துச் சென்றும் அது இங்கேயே திரும்பி வந்துவிட்டது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. நெடுங்காலம் குடும்பச் சொத்தாக இருந்த ஆலயம், 1929-இல் விலைக்கு வாங்கப்பட்டுக் கத்தோலிக்கத் திருச்சபையின் சாண்டா ஃபே உயர்மறைமாவட்டத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

பலரும் உள்ளே நுழைந்ததும் நேராக, நோய் தீர்க்கும் என்று நம்பப்படும் புனித மண் இருக்கும் அறைக்கே விரைகிறார்கள். அது பெரிய இழப்பு என்பேன். பீடத்தின் பின்னுள்ள மரப்பலகைகளில் உள்ளூர்க் கலைஞர்கள் தீட்டிய வண்ணச் சித்திரங்களையும், பச்சை வண்ணம் பூசிய சிலுவையில் தொங்கும், எஸ்கிபுலாஸ் ஆண்டவர் என்று அழைக்கப்படும் இயேசுவின் சுரூபத்தையும் அமைதியாக அமர்ந்து பார்த்த பிறகே எழுந்து செல்ல வேண்டும்.

பீடத்தின் இடப்புறத்து அறைக்குத் தலைகுனிந்துதான் நுழைய முடியும். தரையில் ஒரு சிறு வட்டக்குழி. அதிலுள்ள மெல்லிய செம்மண்ணை மக்கள் முழங்காலிட்டு அள்ளி நோயுற்ற இடத்தில் பூசுகிறார்கள், சிறு டப்பிகளில் வீட்டுக்கும் கொண்டுபோகிறார்கள். குழி தானாகவே நிறைகிறது என்று முன்பு பேசப்பட்டதுண்டு; ஆனால் பக்கத்துக் குன்றுகளிலிருந்து மண்ணைக் கொண்டுவந்து செபித்து ஆசீர்வதித்து நிரப்புவதை ஆலயத்தார் மறைப்பதில்லை. இந்த நேர்மைக்காகவே இத்தலத்தின்மீது என் மதிப்பு உயர்ந்தது. அடுத்த அறையில் ஊன்றுகோல்களும் புகைப்படங்களும் நன்றிக் காணிக்கைகளாகச் சுவரை நிறைத்திருக்கின்றன. வேளாங்கண்ணியின் காணிக்கைப் பொருட்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

அருகிலுள்ள குழந்தை இயேசு சிற்றாலயத்தையும் தவறவிடக் கூடாது. இரவில் ஊரைச் சுற்றி நடந்து குழந்தை இயேசுவின் காலணிகள் தேய்ந்துவிடுகின்றன என்று நம்பி, மக்கள் புதிய சின்னஞ்சிறு காலணிகளை அங்கே வைத்துச் செல்கிறார்கள்.

நுழைவுக் கட்டணம் இல்லை. ஆலயத்துக்குள் புகைப்படம் எடுக்க அனுமதியும் இல்லை. பெரிய வெள்ளியன்று நெடுந்தொலைவிலிருந்து பல்லாயிரம் பேர் நடந்தே வருவதால், அந்தச் சிற்றறைகளில் நின்று செபிக்க இடம் கிடைப்பது அரிது. அந்த நடைப்பயணத்தில் பங்குகொள்ள விரும்புவோர் தவிர மற்றவர்கள் சாதாரண வார நாளின் காலையில் செல்வதே நல்லது. இதே மாநிலத்தின் தாவோஸ் (Taos) ஊருக்குச் செல்லும் மலைப்பாதையில் லாஸ் திராம்பாஸ் ஊரின் பழமையான ஆலயமும் இருக்கிறது. ஆனால் அதையும் அன்றே பார்த்துவிடும் அவசரத்தில் சிமாயோவுக்கான நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டாம்.