கேரவனா, ஈக்கோவா, கூரைக் கூடாரமா? மதுரையிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுத்து நாலு ஊர் பார்க்க வேண்டும் என்கிற ஆசை மதுரைப் பக்கமும் பிடித்துக்கொண்டது. கைக்கு எட்டுகிற வழி மூன்று. ஃபோர்ஸ் டிராவலர் வேனில் கட்டில், கழிப்பறை, ஏசி வைத்துக் கட்டிய கேரவன். மாருதி ஈக்கோவுக்குள் பிளைவுட் பெட்டி போட்டு மேலே மெத்தை விரிப்பது. இருக்கிற காரின் தலையில் கூடாரம் மாட்டுவது. வீடியோவில் பார்த்தால் கேரவன்தான் ஜெயிக்கும். மே மாதம் மேலூர் ரோட்டில் ஒரு ராத்திரி நிறுத்திப் பாருங்கள், கணக்கு வேறு.

பகல் முழுக்க 40 டிகிரி வெயிலில் காய்ந்த தகரம் ராத்திரி பத்து மணிக்கும் அனல் விடும். கேரவன்காரர் ஏசி இருக்கிறதே என்பார். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரியாக 600 வாட் இழுக்கிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஐந்து யூனிட். 12 வோல்ட், 200 ஏஹெச் (ஆம்பியர்-மணி) லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பது இரண்டரை யூனிட்தான். இரண்டு பேட்டரி வைத்தாலும் விடியும்போது காலி. ஃபிரிட்ஜுக்கும் தண்ணி பம்புக்கும் மிச்சம் இருக்காது. கூரையில் 800 வாட் சோலார் போட்டால் நல்ல வெயிலில் மூன்று யூனிட் கிடைக்கும், அதற்கு வண்டியை வெயிலில் நிறுத்த வேண்டும், நிறுத்தினால் உள்ளே வேகும். ஆக, சமவெளியில் ஏசி போட்டுத் தூங்க ஏதாவது லாட்ஜ் வாசலில் காசு கொடுத்து 15 ஆம்ப் பிளக்கில் வயர் இழுக்க வேண்டும். அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்தால் அங்கேயே ரூம் கிடைக்கும் என்று வீட்டில் கேட்பார்கள், நியாயமான கேள்விதான்.

ஈக்கோவில் அந்தப் பேச்சே இல்லை. இருபது வாட் ஃபேன் இரண்டு, ஜன்னலுக்குக் கொசுவலை, ஒரு 100 ஏஹெச் பேட்டரி. மூன்று ராத்திரி தாராளமாக ஓடும். மே மாதம் மதுரையில் வேர்க்கும், உண்மை. அதனால் அந்த மாதம் சமவெளியில் படுக்காமல் மேலே ஏறிவிடுவது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்குமேல் குறையும். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலிருக்கும் கொடைக்கானலில் கம்பளி தேடுவீர்கள். மலை சும்மா தருவதற்கு எதற்கு ஏசி?

மலை ஏறுவதிலும் சின்ன வண்டிக்கே என் ஓட்டு. வத்தலக்குண்டு வழி கொடைக்கானல் ரோடு அகலம், டிராவலர் சுகமாகப் போகும். சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறும்போதுதான் வயிற்றைக் கலக்கும். வளைவில் எதிரே பஸ் வந்தால், ஆறு மீட்டர் வண்டியைப் பின்னுக்கு எடுக்கிற வேலை உங்களுடையது. கூடவே தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. ஈக்கோ நாலு மீட்டருக்கும் குறைவு, உயரமும் ஆறடிதான். மதுரையின் நெரிசலான மாசி வீதிப் பக்கம்கூட நுழைந்து வெளியே வந்துவிடலாம். கொடைக்கானலுக்கு இ-பாஸ் 2024 மே முதல் எல்லா வெளியூர் வண்டிக்கும் உண்டு. இதில் பெரிசு சின்னது பேதமில்லை.

கேரவன் நிஜமாகவே ஜெயிக்கிற இடம் கழிப்பறை. வயசான அம்மாவோ சின்னப் பிள்ளையோ கூட வந்தால் இதற்கு மேல் வாதம் வேண்டாம், கேரவன்தான். ஈக்கோவில் போகிறவர்கள் பெட்ரோல் பங்க்கையும் டோல்கேட்டையும் நம்பித்தான் இருக்க வேண்டும். பங்க்கில் ராத்திரி நிறுத்தக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள், பெட்ரோல் போட்டுவிட்டுக் கேட்டால் இன்னும் சுலபம். “அந்த ஓரமாப் போட்டுக்கங்கண்ணே, லாரிப் பக்கம் வேணாம், விடிய விடிய எடுப்பாய்ங்க” என்று இடமும் காட்டுவார்கள். பாத்ரூம் ஆறு மணிக்கே போய்விட வேண்டும்; ஏழுக்கு மேல் டூரிஸ்ட் பஸ் கூட்டம் இறங்கிவிடும்.

ஆனால் கேரவனின் கழிவுப் பெட்டியைக் காலி செய்வது யார்? இருபது லிட்டர் கேசட் என்றால் இரண்டு பேருக்கு மூன்று நாள் வருவதே பெரிது. அதைக் கொட்டுவதற்கென்று நம் ரோட்டோரத்தில் ஏற்பாடு கிடையாது. தெரிந்த லாட்ஜில் கேட்டு, அவர்கள் கழிப்பறையில் ஊற்றிக் கழுவ வேண்டும். ஓடையில் கவிழ்த்துவிட்டுப் போகிறவர்களைப் பற்றி எழுதினால் கெட்ட வார்த்தை வந்துவிடும்.

கூரைக் கூடாரத்துக்கு அதிகம் சொல்ல இல்லை. ஐம்பது அறுபது கிலோ தலையில் ஏறும், கார் கூரை எவ்வளவு தாங்கும் என்று முதலில் பார்க்க வேண்டும். ராத்திரி ஏணியில் இறங்க முழங்கால் வேண்டும். ராமேஸ்வரம் பக்கத்துக் காற்றில் துணி படபடக்கிற சத்தத்தில் தூக்கம் வராது. தனுஷ்கோடியில் மாலையோடு வண்டிகளை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால் அங்கே கடலோரத்தில் விரிக்கிற கனவும் வேண்டாம். அழகர்கோவில் குரங்குகளுக்கு மட்டும் இது கொண்டாட்டம்.

சட்டம் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அமைப்பை நினைத்தபடி மாற்ற முடியாது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொன்னது. ஆகவே பட்டறையில் சொல்லிப் பழைய டிராவலரைக் கேரவனாக்கும் யோசனை இருந்தால், ஆர்சி-யில் கேரவன் என்று பதிவாகுமா என்று ஆர்டிஓ ஆபீசில் விசாரித்த பிறகு வெல்டிங்கைத் தொடுங்கள். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பது இதைத்தான். ஈக்கோவிலும் தரையில் ஓட்டை போடாதீர்கள். பெட்டி கையால் தூக்கி வெளியே வைக்கிற மாதிரி இருக்கட்டும். அடுப்புக்கு வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் வேண்டவே வேண்டாம். 5 கிலோ சிலிண்டரை நிறுத்தி, கட்டி வைத்து, கதவைத் திறந்துவிட்டு வெளியே சமையுங்கள்.

இரண்டு பேர், மாதம் ஒருமுறை, கம்பம், குமுளி, கொடைக்கானல் என்று சுற்றுகிறவர்கள் ஈக்கோ வாங்கிக்கொள்ளலாம். மற்ற நாளில் அது காய்கறிக்கும் கல்யாணத்துக்கும் ஓடும். வருடத்துக்கு ஒரு தடவை மொத்தக் குடும்பத்தோடு போகிறவர்கள் கேரவனை வாடகைக்கு எடுப்பதே புத்தி. எடுக்கும்போது ஏசி குளிருதா என்று மட்டும் பார்க்காதீர்கள். இன்ஜினை அணைக்கச் சொல்லி, வெளி கரண்ட் இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்கள். கழிவுப் பெட்டியைக் காலியாகத் தருகிறார்களா என்று திறந்து பாருங்கள். கூரை ஏசியோடு சேர்த்து மொத்த உயரத்தை எழுதி வாங்கி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். தாழ்வான ரயில்வே சப்வேக்குள் பாதி நுழைந்த பிறகு தெரிந்து பிரயோஜனமில்லை.