கோடோ 4-இன் உள்ளீட்டுப் பெட்டி: தமிழில் தட்டிப் பார்த்தபோது

சிறுவர்களுக்கான சொல் விளையாட்டு ஒன்றை, விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளான கோடோ எஞ்சினில் உருவாக்கிவருகிறேன். அதில் ஆட்டக்காரரின் பெயரைக் கேட்டு வாங்கும் ஒற்றை வரிப் பெட்டிக்கு லைன்எடிட் என்று பெயர். அதைத் திரையில் வைப்பதும், 'உங்கள் பெயர்' என்ற மங்கலான குறிப்பை இடுவதும், என்டர் தட்டியதும் எழும் டெக்ஸ்ட் சப்மிட்டட் என்ற சிக்னலை (நடந்ததை நிரலுக்குச் சொல்லும் அறிவிப்பை) ஸ்கிரிப்டோடு இணைப்பதும் ஐந்து நிமிட வேலைதான். (3-ஆம் பதிப்பில் இதே சிக்னலுக்கு டெக்ஸ்ட் என்டர்ட் என்று பெயர், பழைய வீடியோக்களைப் பார்த்துக் கற்பவர்கள் முதலில் இடறுவது இங்கேதான்.)

3-ஆம் பதிப்பு யூனிகோடு குறிகளை (ககரம், கொம்பு, புள்ளி என ஒவ்வொன்றையும் கணினி தனித்தனியே சேமிக்கும் குறிகளை) வந்த வரிசையிலேயே வரைந்ததால், 'கெ' என்று தட்டினால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நின்றது. 2023 மார்ச்சில் வெளிவந்த 4.0, ஹார்ஃப்பஸ், ஐசியு ஆகிய நிரல் நூலகங்களின் துணையோடு எழுத்து வடிவங்களைக் கோத்து வரைவதால் அந்தக் குறை நீங்கிவிட்டது. அம்புக்குறி விசைகளும் முழு எழுத்தாகவே நகர்கின்றன. பேக்ஸ்பேஸ் மட்டும் 'கே'யிலிருந்து நெடிலுக்குரிய கொம்பை நீக்கிவிட்டுக் ககரத்தை விட்டுவைக்கிறது. இதைப் பிழை என்பாரும் உண்டு, ஆனால் நாள் முழுதும் தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டும் எனக்கு இதுவே வசதி.

சிக்கல் நீள வரம்பில் இருக்கிறது. மேக்ஸ் லெங்த் என்ற அமைப்பு எழுத்துகளை எண்ணுவதில்லை, யூனிகோடு குறிகளை எண்ணுகிறது. 'கார்த்திகேயன்' என்பது நமக்கு ஏழு எழுத்து, பெட்டிக்கோ பதின்மூன்று. வரம்பைப் பன்னிரண்டாக வைத்தால் கடைசிப் புள்ளி மட்டும் உள்ளே நுழையாமல் 'கார்த்திகேயன' என்று நின்றுவிடும். ஒன்பதாக வைத்தாலோ 'கார்த்திக' என்று வேறொரு பெயரே ஆகிவிடும். மறுக்கப்பட்ட பகுதியைத் தெரிவிக்கத் தனி சிக்னல் இருந்தாலும், ஒரு புள்ளி விழவில்லை என்று பத்து வயதுப் பிள்ளைக்கு எச்சரிக்கை காட்டுவதில் என்ன பயன்?

ஆகவே அந்த வரம்பைச் சுழியத்தில், அதாவது வரம்பின்மையில், விட்டுவிட்டு, உரை மாறும்போதெல்லாம் கோடோவில் உரையைக் கையாளும் பகுதியான டெக்ஸ்ட் சர்வரிலுள்ள ஸ்ட்ரிங் கெட் கேரக்டர் பிரேக்ஸ் என்ற செயற்கூற்றைக் கொண்டு முழு எழுத்துகளை எண்ணிக்கொள்கிறேன். அது தரும் பட்டியலின் அளவே எழுத்துகளின் எண்ணிக்கை. திரையில் ஒன்றாகத் தெரியும் 'க்ஷ'வை மட்டும் அது இரண்டாகக் கொள்கிறது.

எழுத்துருவிலும் கவனம் வேண்டும். கோடோவுடன் வரும் ஓப்பன் சான்ஸில் தமிழ் இல்லை. கணினியிலும் கைப்பேசியிலும் அந்தந்தக் கருவியின் தமிழ் எழுத்துரு கைகொடுத்துவிடும்; உலாவிப் பதிப்புக்கு அந்த வசதி இல்லையாதலால், நோட்டோ சான்ஸ் தமிழைத் திட்டத்திலேயே சேர்த்து அனுப்ப வேண்டும், இல்லையேல் எல்லாம் கட்டங்களாகத் தெரியும்.

கைப்பேசியில் பெட்டியைத் தொட்டதும் விசைப்பலகை தானாக எழுகிறது, ஆனால் திரையின் அடியில் வைத்த பெட்டி அதன் பின்னால் மறைந்துவிடும்; விசைப்பலகையின் உயரத்தைக் கேட்டறிந்து நாமே மேலே தள்ள வேண்டும். நான் பெட்டியைத் திரையின் மேல் பாதிக்கே மாற்றிவிட்டேன்.