செங்காந்தளா, சீந்திலா, கோவையா?

நம் மண்ணின் கொடிகளில் ஒன்றைத் தோட்டத்தில் ஏற்ற நினைப்பவர்கள், பூவைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் முன் அது எதைக்கொண்டு பற்றி ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். செங்காந்தளுக்கு இலை நுனியே சுருண்டு பற்றும். மெல்லிய கம்பி, கயிறு, காய்ந்த சுள்ளி போதும், பருமனான கம்பத்தை அதனால் வளைத்துப் பிடிக்க முடியாது. சீந்திலின் தண்டு கம்பத்தையே சுற்றி ஏறும். கோவைக்குச் சுருள் பற்றுக்கம்பி உண்டு, கம்பிவலை கொடுத்தால் தானே பரவிக்கொள்ளும்.

அழகில் செங்காந்தளை மிஞ்ச ஒன்றுமில்லை. பச்சையாக விரியும் இதழ்கள் மஞ்சளாகி, பிறகு செந்தழலாக மேல்நோக்கி வளையும். ஆனால் கவனம் அதிகம் கேட்கும் கொடியும் இதுதான். கலப்பை வடிவக் கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது. அது ஒடிந்தால் அந்தக் கிளை முளைக்காது. மழை தொடங்கும்போது 5 முதல் 6 செ.மீ. ஆழத்தில் படுக்கையாக வையுங்கள். மணல் கலந்த, நீர் வடியும் மண் வேண்டும். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும். கறுப்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளி போட்ட புழுக்கள் இலையை மொட்டையடிக்கும், கண்டதும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். காய் முற்றியபின் கொடி காய்ந்துவிடும். செத்துவிட்டதென்று பலர் அப்போதுதான் கிழங்கைத் தோண்டி எறிகிறார்கள். அது உறங்குகிறது; தண்ணீரை நிறுத்திவிட்டு அடுத்த மழைவரை அப்படியே விடுங்கள். செடி முழுவதும் கொல்சிசின் என்னும் நஞ்சு, கிழங்கைத் தின்றால் உயிருக்கே ஆபத்து. தவழும் குழந்தையோ ஆடு மாடோ இருக்கும் வீட்டில் இது வேண்டவே வேண்டாம்.

சீந்தில் நேர்மாறு. பென்சில் பருமனில், 15 முதல் 20 செ.மீ. நீளத் தண்டை ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் போதும். வெட்டியதும் எது அடி, எது நுனி என்று அடையாளம் வையுங்கள். தலைகீழாக நட்டுவிடுவதே இதில் நடக்கும் முக்கியத் தவறு. வறட்சியில் இலை உதிர்த்துப் பிழைத்துக்கொள்ளும். நூல்போல் தொங்கும் விழுதுகளை மட்டும் மண்ணைத் தொடுமுன் நறுக்கிவிடுங்கள். மாமரத்தில் ஏறவிட்டால் கிளைகளை மூடி வெயிலை மறைத்துவிடும், இதற்குத் தனிப் பந்தல்தான் சரி.

கோவையில் ஆண்கொடி வேறு, பெண்கொடி வேறு. விதை போட்டால் பூக்கும்வரை எதுவென்று தெரியாது. பூவின் அடியில் பிஞ்சு போலப் புடைத்திருப்பது பெண்; அதிலிருந்து தண்டு வெட்டி நட்டால் ஐயமில்லை. பழத்தைப் பறவைகள் தின்று விதையைப் பரப்பும், அறுத்தாலும் வேர்க்கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஹவாய் போன்ற பசிபிக் தீவுகளில் இது பெருங்களை. வெளிநாட்டில் தோட்டம் போடுகிறவர்கள் உள்ளூர் விதியைப் பார்க்காமல் நடக்கூடாது.

சிறு இடமும் வேலி வலையும் இருந்தால் கோவை, நிழல் வேண்டுமென்றால் சீந்தில். குழந்தைகள் வளர்ந்துவிட்ட வீட்டில், தொட்டபின் கை கழுவும் பழக்கம் இருந்தால், செங்காந்தளுக்கு ஒரு மூலை ஒதுக்குங்கள்.