இஞ்சி பீர்: ஈஸ்ட்டா, இஞ்சி பக்கா?

முதல்லயே சொல்லிடறேன், பார்லி ஹாப்ஸ் போட்டு காய்ச்சற பீர் இல்ல இது, அத லைசென்ஸ் இல்லாம வீட்ல போட்டா 1937ம் வருசத்து மதுவிலக்குச் சட்டத்துல மாட்டிக்குவோம். இது இஞ்சி பீரு, புளிச்சு கேஸ் ஏற கடை ஈஸ்ட்டும் போடலாம், இல்லன்னா இஞ்சியும் சக்கரையும் புளிக்க வச்சு நாமளே வளர்க்கற 'இஞ்சி பக்'கும் ஊத்தலாம், கேஸ் ஏறுனதும் ஃப்ரிட்ஜ்ல தூக்கி வச்சிடணும், வெளியவே விட்டா இதுலயும் ஆல்கஹால் ஏறிட்டே போகும்.

ஈஸ்ட் வழி சோம்பேறிக்கானது, அதாவது எனக்கானது. 2 லிட்டர் தண்ணில 100 கிராம் இஞ்சிய நசுக்கிப் போட்டு 150 கிராம் சக்கரையோட கொதிக்க வச்சு வடிகட்டி, நல்லா ஆறுனப்புறம் ரெண்டு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, பன்னுக்கு போடற இன்ஸ்டன்ட் ஈஸ்ட் கால் டீஸ்பூன், அவ்ளோதான். கூல்ட்ரிங்க்ஸ் வந்த பிளாஸ்டிக் பாட்டில்ல நாலு விரல் எடம் விட்டு ஊத்தி மூடிட்டு அப்பப்ப அமுக்கிப் பாருங்க, கல்லு மாதிரி ஆயிட்டா ஃப்ரிட்ஜ். கண்ணாடி பாட்டில் வேணவே வேணாம், வெடிக்கும். கோயம்புத்தூர்ல தங்கச்சி வீட்ல ஒரே நாள்ல கல்லாயிடுது, குன்னூர்ல எனக்கு மூணு நாள். மூடியத் தொறந்தா லேசா பேக்கரி வாசம் வரும், அது ஒண்ணுதான் குறை.

இஞ்சி பக்குன்னா வளர்க்கணும். தோலோட துருவுன இஞ்சி, சக்கர, கொதிச்சு ஆறுன தண்ணி, தெனமும் இஞ்சியும் சக்கரையும் ஒவ்வொரு ஸ்பூன் சேத்துட்டே வரணும், இஞ்சித் தோல்லயே ஒட்டியிருக்கற ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும் மெதுவா எந்திரிச்சு நுரைக்கும். இதுக்கு பெரியப்பா மொற ஆகுற இஞ்சி பீர் பிளான்ட்னு ஒரு கல்ச்சர் இருக்கு, அதுக்குள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கூட்டுக்குடித்தனம் பண்றத 1892ல மார்ஷல் வார்டுங்கற இங்கிலாந்து தாவரவியல் அறிஞர் ஆராய்ஞ்சு எழுதினாரு (இலங்கைல காப்பிய அழிச்ச இலை நோய ஆராய்ஞ்சதும் இவர்தான்). வீடியோல அஞ்சு நாள்ல ரெடிங்கறாங்க, போன டிசம்பர்ல எனக்கு பதினொரு நாள் ஆச்சு, துணி சுத்தி அடுப்பு ஓரமா வச்சிருந்தேன், அம்மா பாத்துட்டு "மாவு பொங்கறதுக்கே போர்வை பத்தல, இதுக்கு வேறயா"ன்னாங்க. ஆனா அந்த ருசி ஈஸ்ட்ல வராதுங்க, மோர் மாதிரி ஒரு புளிப்பு அடில நிக்கும், நுரையும் பொடிப்பொடியா இருக்கும்.

சொதப்புனது எங்கன்னா, பக் வெற்றின்னதும் ஆசைல கிராம்பு, பட்டை, காந்தாரி மிளகா, எலுமிச்சைப் புல்லு எல்லாத்தையும் அதுலயே கொட்டுனேன். கிராம்பும் பட்டையும் ஈஸ்ட்ட அமுக்கிடும், பாட்டில் ஒரு வாரமாகியும் தொளதொளன்னு கெடந்துச்சு, குடிச்சா கஷாயம். பதினொரு நாள் வளர்த்த புளிப்ப மசாலா ஒரே வாய்ல முழுங்கிடுச்சு. அதனால இப்ப பக் போட்டா வெறும் இஞ்சியும் எலுமிச்சையும்தான், மசாலா வெளையாட்டெல்லாம் ஈஸ்ட் பாட்டில்ல, அதுலயும் கிராம்பு ரெண்டுக்கு மேல கெடையாது.

விருந்தாளி நாளான்னிக்கு வராங்கன்னா யோசிக்காம ஈஸ்ட். மழைக்காலத்துல வேற வேலை இல்லன்னா பக். என் ஷெல்ஃப்ல ரெண்டும் நிக்குது, ஈஸ்ட் பாட்டில் காலைலயே கல்லாயிடுச்சு, பக் பாட்டில் இன்னும் அமுங்குது.