கணைக்கால் வலி: ஓய்வா, ஐஸா, பயிற்சியா, புது ஷூவா?

ஓடினாலோ ஸ்கிப்பிங் ஆடினாலோ கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில், பாதிக்குக் கீழே வலிக்கிறதா? பெரும்பாலும் அது ஷின் ஸ்பிளின்ட்ஸ். எலும்பு பலப்படும் வேகத்தை மிஞ்சிச் சுமை கூடிவிட்டது என்று பொருள். ஆகவே எந்த வைத்தியமானாலும் சுமையைக் குறைக்கிறதா, காலின் தாங்கும் திறனைக் கூட்டுகிறதா என்று பார்த்துத்தான் எடைபோட வேண்டும்.

அதற்கு முன் எலும்பின் ஓரத்தை விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். 5 செ.மீ.க்கு மேல் நீளமாக வலித்தால் ஷின் ஸ்பிளின்ட்ஸ். விரல்நுனி அளவு இடத்தில் மட்டும் சுரீரென்றால், அல்லது படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் விரிசல் இருக்கலாம். ஓட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகும், எம்.ஆர்.ஐ.யில் தெரியும்.

முழு ஓய்வில் வலி அடங்கும். ஆனால் தாங்கும் திறனும் இறங்கும். பழைய தூரத்துக்கே திரும்பினால் வலியும் திரும்பும். நடந்தாலே வலிக்கும் கட்டத்தில் மட்டும் ஓய்வு சரி; அப்போதும் சைக்கிள், நீச்சல் தொடரலாம். 30 நிமிடம் வேகமாக நடந்தும் வலி இல்லையென்றால், 1 நிமிடம் ஓட்டம், 1 நிமிடம் நடை என 10 சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மறுநாள் காலை வலி கூடியிருந்தால் சுற்றைக் குறையுங்கள்.

ஐஸ் 15 நிமிடம் வைத்தால் இதமாக இருக்கும், அவ்வளவே. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது ஆபத்து: எச்சரிக்கையை அணைத்துவிட்டு அதே எலும்பை அடிக்கிறோம்.

ஆடுசதையை நீட்டி இழுப்பதா, பலப்படுத்துவதா? இழுப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் அது மட்டும் வலியைத் தடுக்கும் என்று நம்ப ஆதாரம் போதாது. எங்கள் ஓட்டு குதிகால் உயர்த்தலுக்கே. படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று, ஏறி, 3 வினாடி எடுத்து இறங்குங்கள். முழங்காலை நேராக வைத்து 12 முறை, மடக்கி 12 முறை, தலா 3 செட். வாரம் 3 நாள். இரு காலில் சுலபமானதும் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். மடக்கிச் செய்யும்போதுதான் பலரும் தவறுகிறார்கள்: மேலே ஏற ஏற முழங்கால் தன்னால் நிமிரும், ஆடுசதையின் அடியிலுள்ள சோலியஸ் தசைக்கு வேண்டிய வேலை கிடைக்காது. பாரம் சுண்டுவிரல் பக்கம் சாய்வதும் அடிக்கடி நடக்கும். பெருவிரல் அடிப்பகுதி படியை விட்டு எழக்கூடாது.

ஷூ 500 முதல் 800 கி.மீ.க்குள் தேய்ந்துபோகும், அப்போது மாற்றுங்கள். தட்டைப் பாதக்காரர்களில் சிலருக்கு இன்சோல் உதவும். ஆனால் இரண்டுக்கும் முன்னால் செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது: அடியைச் சுருக்குவது. 30 வினாடியில் வலது கால் 40 முறை தரை தொட்டால், அதே வேகத்தில் 42 ஆக்குங்கள். இந்த 5 சதவீதத்திலேயே ஒவ்வோர் அடியிலும் எலும்பு வாங்கும் அதிர்ச்சி குறையும். வேகமும் சேர்ந்து கூடினால் பலன் போய்விடும்.

அழுத்தக் காலுறையும் டேப்பும் போடும் நேரத்துக்கு இதம்.

குதிப்புப் பயிற்சியில் தூரத்துக்குப் பதில் தரை தொடும் எண்ணிக்கையைக் குறித்துவையுங்கள். ஓட்டத் தூரத்தைக் கூட்டும் வாரத்தில் அந்த எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள்.