கால் விலைக்கு மேஜிக் பொருள் வாங்கும் முன்

டூப்ளிகேட் மேஜிக் பொருள் வாங்கி ஏமாந்தவர்கள் சொல்லும் புகார் ஒன்றுதான்: "வீட்டில் வந்தது, மேடையில் வரவில்லை." பெரும்பாலும் தப்பு கையில் இல்லை, பொருளில்தான். டூப்ளிகேட் செய்து திருடுகிறவர் விளம்பர வீடியோவைப் பார்த்து ரகசியத்தை ஊகித்துச் செய்கிறார். எந்தக் கோணத்தில் மாட்டிக்கொள்ளும், எவ்வளவு தடித்தால் சத்தம் கொடுக்கும் என்று கண்டுபிடித்தவர் செய்து செய்து திருத்தியதெல்லாம் வீடியோவில் தெரியாது.

சீட்டில் இது சீக்கிரம் பல்லிளிக்கும். கிம்மிக் சீட்டுகள், அதாவது வித்தைக்காக ரகசியமாக மாற்றியமைத்த சீட்டுகள், பெரும்பாலும் பைசைக்கிள் என்ற அமெரிக்கச் சீட்டுக் கட்டோடு கலந்து வைக்கச் செய்யப்பட்டவை. போலியில் பின்பக்கச் சிவப்பு மாறியிருக்கும், வெள்ளை ஓரம் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருக்கும். பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். கைவசமுள்ள அசல் கட்டின் நடுவே நாலைந்தைச் செருகி, சதுரமாகத் தட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் விளிம்பைப் பாருங்கள். தனிக் கோடு தெரிந்தால் முன்வரிசைக்கும் தெரியும். பிறகு விசிறியாக விரியுங்கள். அசலின் மேற்பரப்பில் பொடிக் குழிகள் இருப்பதால் ஒவ்வொன்றாக வழுக்கும்; போலி இரண்டு மூன்றாக ஒட்டிக்கொண்டு வரும்.

நாணயமென்றால் தராசு போதும். நாணய வித்தைகளில் அதிகம் புழங்கும் இன்றைய அமெரிக்க அரை டாலர் 11.34 கிராம், குறுக்களவு 30.6 மி.மீ. கிம்மிக்கின் எடை மாறலாம், ஆனால் அதோடு வரும் சாதாரண நாணயம் மாறக்கூடாது.

திருப்பிக் கொடுக்கப் போனால், "ரகசியம் தெரிஞ்சுபோச்சே சார், எடுக்க முடியாது" என்பார்கள். திருடிய ரகசியத்துக்கு இவ்வளவு மரியாதை! "மேஜிக்குக்கு காப்பிரைட்டே கிடையாது" என்பது அடுத்த வசனம். அதில் பாதிதான் உண்மை. அமெரிக்க மேஜிக் கலைஞர் டெல்லர் செய்யும் வித்தையில், குவளையில் ஒரு ரோஜா, எதிரே திரையில் அதன் நிழல். கத்தி நிழலைத்தான் வெட்டும், நிஜப் பூவின் இதழ் உதிரும். அதை அவர் 1983-லேயே ஊமை நாடகமாகப் பதிவுசெய்துவிட்டார். 2012-ல் ஓர் ஐரோப்பியக் கலைஞர் அதே மாதிரி செய்து வீடியோ போட்டு, ரகசியத்தைச் சுமார் 3,000 டாலருக்கு விற்கக் கிளம்பினார். டெல்லர் வழக்குப் போட, நெவாடா நீதிமன்றம் 2014-ல், வித்தையின் சூட்சுமத்துக்குப் பதிப்புரிமை இல்லை, ஆனால் அந்த நடிப்புக்கு உண்டு என்றது. இழப்பீடு 15,000 டாலர். வக்கீல் செலவோ 5 லட்சம் டாலருக்கு மேல்.

இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டமும் ஊமை நடிப்பை நாடகப் படைப்பில் சேர்க்கிறது. எழுத்திலோ வேறு வகையிலோ பதிவாகியிருக்க வேண்டும். சொந்த ஐட்டம் வைத்திருப்பவர்கள் அசைவு அசைவாக எழுதி, தேதியோடு படமெடுத்து வையுங்கள்.

வாங்குகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதைக் கண்டுபிடித்தவர் யார்? மேடைக்கு மட்டும் அனுமதியா, டிவிக்கும் உண்டா? "அதெல்லாம் பழைய டிரிக் சார்" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள். கிண்ணமும் பந்தும் வித்தை பழசு. போன வருடம் வெளியான கிம்மிக் பழசில்லை.