வீடு மாற்ற வாடகைக் குட்டி யானை: கடலூர், புதுச்சேரியில் நானே ஓட்டிய அனுபவம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். சொந்தபந்தம், நண்பர்கள் என்று யார் வீடு மாற்றினாலும் குட்டி யானை என்று நாம் சொல்லும் டாடா ஏஸ் சரக்கு வண்டியை நாள் வாடகைக்கு எடுத்து நானே ஓட்டிப் போவது பல வருடப் பழக்கம். கூலிக்கு இல்லை. வாடகையும் டீசலும் அவர்கள் பொறுப்பு, ஓட்டுவது என் பொறுப்பு. ஜிப்மரில் படிக்கிற பிள்ளைகள் கோரிமேட்டில் அறை மாறுவார்கள். நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்த ஓய்வுபெற்றவர்கள் கடலூரிலோ புதுச்சேரியிலோ குடியேறுவார்கள். சிப்காட்டில் வேலை கிடைத்தவர்கள் முதுநகர் பக்கம் வீடு பார்ப்பார்கள். எங்கள் பக்கம் யாராவது ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

டிரைவரோடு வண்டி பிடிப்பதா, வண்டியை மட்டும் எடுப்பதா என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். பணத்தைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. நான் வண்டியை மட்டும் எடுப்பது நேரத்துக்காக. டிரைவரோடு வரும் வண்டிக்கு அன்றைக்கே இன்னும் இரண்டு லோடு காத்திருக்கும். அது அவர் பிழைப்பு, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அவசரம் வந்து விழுவது நம் பொருளின் மேல்தான். "சீக்கிரம் ஏத்துங்க சார்" என்ற குரலுக்கு நடுவே கட்டிய கயிறு பாதி வழியில் தளர்ந்துவிடும். வண்டி நம் கையில் இருந்தால், பாட்டியின் தையல் மெஷினைப் பழைய சேலையில் சுற்றி நிதானமாக வைக்கலாம். புது வீட்டு மாடிப்படியில் கட்டில் சட்டம் சிக்கினாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இந்த நிதானத்துக்காகத்தான் நான் இத்தனை வருடமும் நாள் வாடகையையே தேர்ந்தெடுத்து வருகிறேன்.

மஞ்சள் போர்டு வண்டிக்கு பேட்ஜ், அதாவது வாடகை வண்டி ஓட்டத் தனி அனுமதி, வேண்டுமே என்று இன்னும் சிலர் தயங்குகிறார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்குள் உள்ள வண்டியைச் சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமம் உள்ளவரே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்துவிட்டது. ஏஸ் அந்த வரம்பில் கால்வாசிக்குள் அடங்கிவிடும். மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட்டும் தேவையில்லை. மாநில எல்லையைத் தாண்டித் தாண்டி ஓட வேண்டிய எங்கள் பக்கத்துக்கு இது பெரிய வசதி. ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. (தகுதிச் சான்று), புகைச் சான்று நான்கையும் மட்டும் முதல் நாளே பார்த்துவிட வேண்டும். அதிலும் எஃப்.சி. தேதியை அவசியம் பாருங்கள். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடாவருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும், நாள் வாடகைக்கு வருபவற்றில் வயதான வண்டிகளே அதிகம்.

ஒருமுறை ஒரு உரிமையாளர், பின் டோரில் ஏற்கெனவே இருந்த நசுங்கலை நான்தான் உண்டாக்கினேன் என்று சொல்லி அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார். எடுக்கும்போது நான்கு பக்கமும் வீடியோ எடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அதைத் திரும்பக் காட்டிய பிறகுதான் பணம் வந்தது. இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். இன்னின்ன தேதியில், இன்ன உரிமம் உள்ளவருக்கு, சொந்தச் சாமான் ஏற்ற வண்டி தரப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொள்வேன். ஸ்டெப்னி டயரைத் தட்டிப் பார்ப்பேன், ஜாக்கி இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இனி வண்டி. 2005-இல் 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறனோடு ஏஸ் வந்தது. குட்டி யானை என்று பெயரும் வைத்துவிட்டோம். அந்தப் பழைய டீசல் வண்டிகள் இன்னும் எங்கள் ஊரில் ஓடிக்கொண்டிருக்கின்றன, நான் அதிகம் ஓட்டியதும் அவற்றைத்தான். இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால் சித்திரை வெயிலில் தொடை வேகும், ஒரு கனத்த துண்டை மடித்துப் போட்டுக்கொண்டால் தாக்குப்பிடிக்கலாம். சுமை இல்லாமல் போகும்போது பின்பக்கம் துள்ளும். ஈரச் சாலையில் அப்போது பிரேக்கை மெதுவாகத்தான் மிதிக்க வேண்டும். சுமையோடு போனால் அடங்கி ஓடும்.

பாடி ஏறக்குறைய ஏழடி நீளம், தாங்குவது முக்கால் டன். இரண்டு படுக்கையறை வீட்டுச் சாமான் ஒரே நடையில் அடங்காது. அதனால் பலர் இதைவிடப் பெரிய தோஸ்த்தோ பொலேரோ பிக்கப்போ எடுக்கச் சொல்வார்கள். நெய்வேலியிலிருந்து வருவதானால் சரி, அவ்வளவு தூரத்துக்கு இரண்டு நடை வீண்தான். ஆனால் கடலூர், புதுச்சேரிக்குள் என் ஓட்டு ஏஸுக்குத்தான், இரண்டு நடை அடித்தாலும் சரி. அதன் திரும்பும் ஆரம் 4.3 மீட்டர். முத்தியால்பேட்டைச் சந்திலும் திருப்பாதிரிப்புலியூர் தேரோடும் வீதிகளை ஒட்டிய தெருக்களிலும் வீட்டு வாசல்படி வரைக்கும் போய்த் திரும்ப முடிகிறது. பெரிய வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டால் பீரோவை ஐம்பது அடி தூக்கி வர வேண்டும். அந்த ஐம்பது அடியில்தான் பீரோவும் உடைகிறது, இடுப்பும் உடைகிறது.

நேரம் தப்பினால் எந்த வண்டியும் உதவாது. கடலூரிலிருந்து புதுச்சேரி இருபத்தைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் பெண்ணையாற்றுப் பாலம், முள்ளோடை, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் எல்லாம் மளமளவென்று கடந்துவிடும். அதே சாலையில் காலை எட்டரைக்குப் பள்ளி, கல்லூரிப் பேருந்துகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் அரியாங்குப்பத்திலிருந்து ஊருக்குள் நுழைவதற்குள் கிளட்ச் மிதித்தே கால் வலிக்கும். முதலியார்பேட்டையில் ஏ.எஃப்.டி. மில் பக்கத்து ரயில்வே கேட் மூடியிருந்தால் இன்னும் மோசம். சனி, ஞாயிறு சுற்றுலாக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் வேறு, அந்தப் பக்கம் சாமான் வண்டியை நினைத்தே பார்க்க வேண்டாம். கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள்.

நான் எப்போதும் புதன்கிழமை கேட்பேன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று வீட்டுப் பெரியவர்களும் ஒத்துக்கொள்வார்கள், ராகு காலம் பன்னிரண்டு மணிக்குத்தான் என்பதால் காலை முழுக்க நமக்கு. பால் காய்ச்சுவதை வேறு நல்ல நாளில் முடித்துவிட்டால் இன்னும் நல்லது. சாமி படம், நிறைகுடம், உப்பு, மஞ்சள் இதற்கெல்லாம் வண்டி வேண்டாம். தை, ஆவணி முகூர்த்த நாட்களில் வண்டிக்கு அடிதடி. ஆடியிலும் மார்கழியிலும் சும்மா நிற்கும், வாடகையையும் பேசிக் குறைக்கலாம்.

நெய்வேலி வழிக்குத் தனிக் கணக்கு. வடலூர் பக்கமாக வருவதானால் தைப்பூசத்தை ஒட்டிய நாட்களை விட்டுவிடுங்கள். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் வழியில் அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு போகும். இருட்டில் அவற்றின் பின்விளக்கு பல நேரம் தெரியாது. அந்தச் சாலையில் மட்டும் நன்றாக விடிந்த பிறகுதான் ஓட்டுவேன்.

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குள் வரும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்துவார்கள். புதுச்சேரி மதுபானம் இந்தப் பக்கம் வரக்கூடாது என்பதற்கான சோதனை, அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள். ஆனால் நம் மக்கள் பாத்திரம் கட்ட மதுக்கடை அட்டைப்பெட்டியைத்தான் தேடிப் பிடிப்பார்கள், கனமாக இருக்கும் என்று. அப்படி இருபது பெட்டி ஏற்றி வந்தால் ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டச் சொல்வார்கள். பழக்கடையில் ஆப்பிள் பெட்டி கேளுங்கள், அதுவும் கனம்தான். டீசலை மட்டும் எல்லை தாண்டுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் விலையும் குறைவு.

ஏற்றும் முறையில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கனமானது கேபினை ஒட்டி, கீழே. பீரோ, கிரைண்டர், புத்தகப் பெட்டி எல்லாம் முதலில் ஏற வேண்டும். பின்னால் கனம் சேர்ந்தால் முன்சக்கரத்தில் பிடிமானம் குறைந்து ஸ்டியரிங் லேசாகிவிடும். நிற்க வைத்த பீரோவோடு பெண்ணையாற்றுப் பாலத்தில் போகும்போது கடல் காற்று பக்கவாட்டில் தள்ளுவது கையில் தெரியும், அங்கே நாற்பதுக்கு மேல் போக மாட்டேன். ஃபிரிட்ஜ் நின்றபடியே வர வேண்டும், இறக்கியதும் ஸ்விட்ச் போடக்கூடாது, சில மணி நேரம் விட வேண்டும். முன்கதவு வாஷிங் மெஷினுக்கு, டிரம் ஆடாமல் இருக்க, வாங்கும்போது கழற்றி வைத்த போல்ட்டைத் தேடி மாட்டுங்கள்.

ஒன்றைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். சாமானைப் பிடித்துக்கொள்ள என்று பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். கேபினில் ஓட்டுபவரைத் தவிர ஒருவருக்குத்தான் இடம். மற்றவர்கள் பேருந்திலோ பைக்கிலோ வரட்டும். சின்னப் பிள்ளைகளைக் கட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவே உட்கார வைத்துக்கொண்டு போகும் வண்டியைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும். பிரேக் அடித்தால் பீரோ சாய்வது அவர்கள் பக்கம்தான்.

மழைக்காலத்தில் முடிந்தவரை வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர் ஓரப் பகுதிகள் மூழ்கின. அந்த வாரத்துக்கு வண்டி பேசி வைத்திருந்த ஒரு குடும்பத்துக்கு அட்வான்ஸைப் பிடித்தம் இல்லாமல் திருப்பிக் கொடுத்தார் உரிமையாளர். எல்லாரும் அப்படிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் வண்டி பேசினால், மழை எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றிக்கொள்ளலாம் என்பதையும் அந்தத் தாளில் ஒரு வரி சேர்த்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.